தீனிக்கும் தீனி போடுங்கள்

பாறசாலை, தனுவச்சபுரம், செங்கல், காரோடு, வெள்ளறடை, பனச்சமூடு என்று கேரள எல்லையிலும் அதை அடுத்த தமிழ்நாட்டுப் பக்கத்திலும் வீட்டில் பல்லியும் ஓணானும் வளர்க்கிற மக்களுக்கு,

உங்களைப் போலவே இந்த எல்லையில் குடியிருக்கிறவன் நான். ஓட்டு வீட்டின் பின்கட்டில் பல்லிகளுக்குத் தீனியாகச் சுவர்க்கோழியும் மீல் வார்ம் புழுவும் வளர்த்து வருகிறேன். உங்களில் சிலர் வாரக் கடைசியில் என்னிடம் வந்து டப்பாவில் வாங்கிப் போவதுண்டு. திண்ணையில் நின்றபடி பேசி முடிக்க முடியாத சங்கதிகள் சில இருப்பதால் இந்த மடல்.

சிறுத்தைப் பல்லியும் தாடி ஓணானும் வாங்கும்போது நீங்கள் கண்ணாடித் தொட்டிக்கும் விளக்குக்கும் காட்டுகிற அக்கறை எனக்குத் தெரியும். அந்த அக்கறை பூச்சி டப்பாவின் வாசலில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை. பல வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன்: தொட்டி பளிச்சென்று இருக்கும், அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காய்ந்த தவிடும் பாதி செத்த புழுக்களும் கிடக்கும். பல்லி தின்பது அந்தப் புழுவைத்தான். அது பட்டினி கிடந்தால் பல்லியின் வயிற்றுக்குள் வெறும் தோடுதான் போகிறது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் தாய்லாந்தின் பூச்சிப் பண்ணைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே ஆறுகால் கால்நடை என்றுதான் இருந்தது. அங்கே ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் சுவர்க்கோழியை மனிதர் தின்பதற்காகவே வளர்க்கிறார்கள் என்று அது சொன்னது. சிமென்ட் தொட்டி கட்டி, முட்டை அட்டை அடுக்கி, கோழித் தீவனமும் பூசணியும் போட்டு வளர்க்கிறார்கள். ஆடு மாடு நின்ற வீடுகளில் பிறந்தவர்கள் நீங்கள். தீவனம், தண்ணீர், காற்று, சுத்தம் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். தொழுவத்தில் காட்டும் அதே பொறுப்பைப் பூச்சி டப்பாவிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். பச்சை இகுவானா வைத்திருப்பவர்கள் பூச்சி வாங்கவே வேண்டாம். அது இலை தின்னும் பிராணி. முருங்கை இலை, செம்பருத்தி இலை, அதன் பூ, மத்தங்காய் இவையே அதற்குப் போதும். குட்டி சீக்கிரம் வளரட்டும் என்று மீல் வார்மும் அவித்த முட்டையும் ஊட்டுகிறவர்கள் அதன் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறார்கள். கெட்டது வெளியே தெரிய வருஷங்கள் ஆகும், தெரிந்த பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது. தாடி ஓணான் குட்டியாக இருக்கும்போது பூச்சியை நிறையத் தின்னும். பெரிதானதும் அதன் தட்டில் பெரும்பகுதி கீரையாக மாற வேண்டும். சிறுத்தைப் பல்லிக்குத்தான் ஆயுள் முழுக்கப் பூச்சி.

இனி, கடையில் காசு கொடுப்பதைவிடத் தோட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு. நம் ஊரில் பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. மழை பெய்த அந்தியில் ஈசல் விளக்கைச் சுற்றி மொய்க்கும், வாழைத் தோட்டத்தில் வெட்டுக்கிளி துள்ளும், இரவு முழுக்கச் சீவீடு கத்தும். ஆசை வருவது இயல்பு. ஆனால் நாம் வாழ்வது காட்டில் அல்ல. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் மருந்தடித்து வளர்கிற பூமியில். மழைக்கு முன் ரப்பர் இலைக்குத் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறார்கள். வாழைக் கன்று நடும் குழியில் பியூரடான் குருணை போடுவது தலைமுறைப் பழக்கம். கார்போபியூரான் என்ற அந்த மருந்தையும் போரேட்டையும் வேறு சிலவற்றையும் கேரள அரசு 2011-ல் தடை செய்தது. அதே தடை எல்லைக்கு அந்தப் பக்கம் அன்று இல்லை. வாங்கி வருவதற்குத் தேவைப்பட்டது ஒரு பேருந்துச் சீட்டு மட்டுமே. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. வெட்டுக்கிளிக்கும் வாழைத் தோட்டத்துக்கும் அந்தக் கோடு தெரியாது. ஒரு பூச்சியின் உடம்பில் தங்கிய மருந்து அதைக் கொல்லாமல் விட்டிருக்கலாம். அப்படிப் பத்துப் பூச்சியைத் தின்ற நூறு கிராம் எடைகூட இல்லாத பல்லி என்ன ஆகும்?

ஈசலும் பத்திரம் என்று சொல்ல முடியாது. புதிதாக வீடு கட்டும்போது அடித்தளத்தில் சிதலுக்கு மருந்து ஊற்றுகிறார்கள். எந்தப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல் எந்த வீட்டு மண்ணைத் தொட்டு வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குள் ஓடும் பாச்சையைப் பிடித்துப் போடவே போடாதீர்கள். பக்கத்து வீட்டில் கரப்பான் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டித்தான் அது உங்கள் அடுக்களைக்கு வந்திருக்கும்.

ரப்பர் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. கோடை மழை தொடங்கினதும் ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையில் ஆயிரக்கணக்கில் வந்து அடையுமே கறுத்த வண்டு, முப்ளி வண்டு என்றும் கோட்டெருமை என்றும் சொல்கிறோமே, அதைக் கூட்டி அள்ளிப் பல்லிக்குப் போடலாமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்விதான், ஏனென்றால் அந்த வண்டும் மீல் வார்மின் தாய் வண்டும் ஒரே குடும்பம். ஆனால் முப்ளி வண்டு உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று வளர்வது. தொட்டால் நாற்றமும் எரிச்சலும் உள்ள திரவத்தை விடுவது. நம் தோலையே பொள்ளவைக்கும் அந்தத் திரவத்தைப் பல்லியின் வாய்க்குள் விடாதீர்கள். மின்மினியும் கூடாது. அமெரிக்காவில் தாடி ஓணான்கள் மின்மினி தின்று இறந்ததை 1999-ல் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்குள்ள மின்மினிக்குள் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. சிறிய ஓணானைக் கொல்ல ஒன்றே போதும். நம்மூர் மின்மினி வேறு இனம்தான். சோதித்துப் பார்க்க உங்கள் ஓணானைப் பயன்படுத்த வேண்டாம்.

ஆக, வளர்த்த பூச்சிதான் வழி. எதை வாங்குவது? சுவர்க்கோழியின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே. மீல் வார்மில் பதின்மூன்று, சூப்பர் வார்மில் பதினெட்டுக்குப் பக்கம், தேன்கூட்டில் வாழும் மெழுகுப் புழுவில் இருபத்தைந்து. புரதம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில், இருபதை ஒட்டியே இருக்கிறது. மெழுகுப் புழுவில் மட்டும் குறைவு. அதனால் தினசரி உணவாகச் சுவர்க்கோழி, வாரத்தில் ஓரிரு நாள் மீல் வார்ம், எப்போதாவது சூப்பர் வார்ம் என்று வைத்துக்கொண்டால் பல்லிக்கு வாலும் தேறும், ஈரலும் கெடாது. கடைக்காரர்கள் மீல் வார்மையே முன்னால் எடுத்து வைப்பார்கள். அது சத்தம் போடாது, தாவாது, சாகாமல் பல நாள் கிடக்கும். அவர்களுக்கு அதுதான் வசதி. உங்கள் பல்லிக்கு எது வசதி என்பது வேறு கணக்கு.

வாங்கும்போது டப்பாவைத் திறந்து மூக்கைக் கொண்டுபோங்கள். அம்மோனியா நெடி அடித்தால் திருப்பிக் கொடுங்கள். மூலையில் செத்த பூச்சி குவிந்திருந்தாலும், தவிட்டின் மேல் நரைத்த தூசி போல ஏதோ நகர்ந்தாலும் வேண்டாம். அந்தத் தூசிதான் சிற்றுண்ணி. என்றைக்கு வந்த சரக்கு என்று கேளுங்கள். பூச்சியின் நீளம் உங்கள் பல்லியின் இரு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. நாகர்கோவிலிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ பைக்கில் கொண்டுவருவதானால் உச்சி வெயிலைத் தவிருங்கள். பூட்டிய பெட்டிக்குள் அவை வெந்துவிடும். பார்சலில் வரவழைப்பவர்கள் ஹர்த்தால் நாளைக் கணக்கில் வையுங்கள். உயிருள்ள சரக்கு கிடங்கில் ஒரு நாள் அதிகமாகக் கிடந்தால் வீட்டுக்கு வருவது குப்பை.

புதிதாக வந்ததைப் பழையதோடு கலக்காதீர்கள். 2009, 2010 வாக்கில் வட அமெரிக்காவின் சுவர்க்கோழிப் பண்ணைகளில் டென்சோ வைரஸ் புகுந்து, தலைமுறை தலைமுறையாக நடந்த பண்ணைகளைக்கூட மூடவைத்தது. அந்த நோய் தாக்கியது வெளிறிய நிறத்து வீட்டுச் சுவர்க்கோழியை. நம் பக்கத்துக் கறுப்பு இனம் அதைத் தாங்கும். எதுவானாலும் இரண்டு வாரம் தனி டப்பாவில் வைத்துப் பாருங்கள்.

இப்போது வைப்பு முறை. இதில்தான் நாம் பிறநாட்டுக்காரர்களின் வழிமுறையை அப்படியே பின்பற்றிக் கெட்டுப்போகிறோம். அவர்கள் குளிர் நாட்டில் இருந்துகொண்டு, பூச்சிக்குச் சூடு காட்டுங்கள் என்பார்கள். நமக்கு ஆண்டு முழுக்கப் பகலில் முப்பது டிகிரியை ஒட்டிய சூடு இருக்கிறது. சுவர்க்கோழிக்கு அது போதும். நம் எதிரி ஈரம். இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் சுவரே வியர்க்கிற நாட்களில் மூடிய டப்பாவுக்குள் தவிடு இரண்டு நாளில் கட்டி தட்டும், பூஞ்சணம் பிடிக்கும், உண்ணி பெருகும். மூடியில் பெரிய சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை ஒட்டுங்கள். நைலான் வலையைச் சுவர்க்கோழி கடித்து ஓட்டையாக்கிவிடும். பக்கவாட்டிலும் ஒரு சன்னல் இருந்தால் காற்று குறுக்கே போகும். முட்டை அட்டையைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும், டப்பாவும் நனையும். காரட் துண்டோ மத்தங்காய்த் துண்டோ காலையில் வைத்து மாலையில் எடுத்துவிட்டால் தாகத்துக்கும் தீனிக்கும் ஆயிற்று. செத்ததைத் தினமும் பொறுக்குங்கள். அழுகும் ஒன்று மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

எறும்பு இன்னொரு எதிரி. ஒரே இரவில் டப்பா முழுக்க வெறும் கால்களாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மருந்து தூவவே கூடாது, அது பூச்சியையும் கொல்லும். பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்ததைச் செய்யுங்கள்: டப்பாவை ஒரு முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

மீல் வார்மைக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். எட்டு பத்து டிகிரியில் அது வளராமல் உறங்கிக்கிடக்கும், வாரக்கணக்கில் வண்டாகாது. வாரம் ஒரு முறை வெளியே எடுத்து ஒரு நாள் தீனி போட்டுத் திருப்பி வைக்க வேண்டும். அதே தட்டில் சூப்பர் வார்மை வைத்துவிடாதீர்கள். அது வெப்ப நாட்டுப் புழு, குளிரில் செத்துக் கறுத்துப்போகும். கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாக மாறாது என்பதால் அதற்குக் குளிர் தேவையும் இல்லை. தவிட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து ஆறவிட்டுப் போடுங்கள். அரிசித் தவிட்டில் எண்ணெய் உண்டு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கோதுமைத் தவிடு நல்லது.

அடுத்துச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள், மக்களே. சுவர்க்கோழியின் உடம்பில் சுண்ணாம்புச் சத்து ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஏழு பங்கு. மீல் வார்மில் ஒன்றுக்குப் பதினேழு. பல்லிக்கு வேண்டியது நேர் எதிர்: சுண்ணாம்பு குறைந்தது சமமாக, இரண்டு மடங்காக இருந்தால் உத்தமம். அது கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவும். தாடை ரப்பராக வளையும், கால் கோணும், முதுகு கூனும், நடக்கும்போது உடம்பு நடுங்கும். உங்களில் மூன்று நான்கு பேரின் கைபேசிப் படங்களில் நான் பார்த்த கோணல் கால் இதுதான். அதைப் பலர் பிறவிக் குறை என்று நினைத்திருக்கிறீர்கள்.

தடுக்க இரண்டு வேலை போதும். பல்லிக்குப் போடுவதற்கு முந்தின ஒரு நாளோ இரண்டு நாளோ பூச்சிக்கு வயிறு முட்ட நல்ல தீனி: முருங்கைக் கீரை, அகத்தி, காரட், கோழிக்குஞ்சுத் தீவனம். கீரை வீட்டு முற்றத்தில் பறித்ததாக இருக்கட்டும். சந்தைக் கீரையின் மருந்து முதலில் கொல்வது பூச்சியைத்தான். பிறகு, போடும் நேரத்தில் பூச்சியை ஒரு பையிலிட்டுச் சுண்ணாம்புப் பொடியில் குலுக்கி எடுங்கள். அந்தப் பொடிக்கு வெளிநாட்டுப் புட்டி வேண்டுமென்று இல்லை. பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்தான். உப்புப் போகச் சில நாள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சுண்ணாம்பு உடம்பில் ஏற டி3 வைட்டமின் வேண்டும். தாடி ஓணானுக்கு அதை உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. கம்பிக் கூட்டில், பாதி நிழல் உள்ள இடத்தில், காலை வெயில் காட்டுங்கள். நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது இது.

இயற்கையாகவே சுண்ணாம்பு மிகுந்த ஒரு புழுவும் உண்டு. உரத் தொட்டியில் நெளிவதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அதில் சுண்ணாம்பு பாஸ்பரஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மீன் கழிவிலும் புளித்த சோற்றிலும் வளர்ந்ததை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். சின்னப் புழுவாகப் பொறுக்கித் தனித் தொட்டியில் பழத்தோலும் காய்கறியும் கொடுத்து வளர்த்தால் அருமையான தீனி.

இரவில் தின்னாத சுவர்க்கோழியைத் தொட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அதற்கும் பசிக்கும், உறங்கும் பல்லியின் கண்ணோரத்தையும் விரலையும் கடித்துத் தின்னும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம் கூட வேண்டும். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அது கடுமையாகப் பாதிக்கும். அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்ததால்தான். தொட்டியையும் பூச்சி டப்பாவையும் அடுக்களைத் தொட்டியில் கழுவாதீர்கள். கொஞ்சு தின்றால் உடம்பு தடிக்கிறவர்கள் வீட்டில் உண்டென்றால் சுவர்க்கோழி டப்பாவை அவர்கள் அறைக்கு வெளியே வையுங்கள். இரண்டிலும் ஒரே வகைப் புரதம் இருப்பதால் அதன் தூசியே மூச்சை முட்டவைக்கும்.

வெளியே விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். சலித்துப்போன சிவப்புக் காது ஆமையைக் குளத்தில் விட்டவர்களால்தான் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆமைகளை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று மக்களைக் கேட்கும் நிலைக்கு வந்தது. ஆப்பிரிக்க நத்தை மழைக்காலத்தில் நம் வாழையையும் பப்பாளியையும் என்ன செய்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். அதுவும் ஒரு காலத்தில் யாரோ கொண்டுவந்ததுதான். தீனியாக வாங்கும் தென் அமெரிக்கக் கரப்பானும் சூப்பர் வார்ம் வண்டும் நெய்யாற்றங்கரையில் பெருக நாம் காரணமாக வேண்டாம். கழிக்க வேண்டிய பூச்சியை, முட்டை கிடந்த மண்ணோடு சேர்த்து, ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் புதையுங்கள்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடும்பு, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை ஆகியவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. இகுவானா, பால் பைத்தான் போன்றவை 2022 திருத்தத்தால் வந்த நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரி 28-ல் வெளியான விதிகளின்படி அவற்றைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாதக் கெடு எப்போதோ முடிந்தது. பதிவில்லாமல் வைத்திருப்பவர்கள் ஒளித்துவைத்துப் பயப்படுவதைவிட வனத்துறையில் போய்க் கேட்பது நல்லது. நோய் வந்தால் குடப்பனக்குன்று அரசுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் திருநெல்வேலி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. போகும்போது நீங்கள் போடும் பூச்சியையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக ஒரு யோசனை. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொலைவிலிருந்து வரவழைத்து, பாதியைச் சாகவிடுவதைவிட, நமக்குள் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் வீட்டில் சுவர்க்கோழி, ஒருவரிடம் மீல் வார்ம், உரத் தொட்டி வைத்திருப்பவரிடம் படைவீரன் புழு. சுவர்க்கோழிக்குத் தேவையானது வழுவழுப்பான உயரத் தொட்டி ஒன்றும், முட்டையிட ஈரமான சகிரிச்சோறு நிரப்பிய கிண்ணமும்தான். நம் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்கும், ஆறு எட்டு வாரத்தில் கத்தத் தொடங்கும். தொடங்க விரும்புகிறவர்களுக்கு முட்டையிட்ட கிண்ணம் ஒன்றை நான் தருகிறேன், காசு வேண்டாம். தொட்டியில் வலை ஒட்டி, முக்காலியும் தண்ணீர்க் கிண்ணமும் தயார் செய்துவிட்டு வாருங்கள். மழை பிடிப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் எல்லையூர்க்காரன்